தாயைப் போரில் இழந்தவர், தன் கால் நோவை எழுதி வைத்தார்: வைத்தியர் தோமஸ் சிடன்ஹாமின் கதை

1644ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் தென்மேற்கே டோர்செட் மாவட்டம். மன்னர் முதலாம் சார்ள்ஸின் படைக்கும் பாராளுமன்றத்தின் படைக்கும் இடையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வின்ஃபோர்ட் ஈகிள் என்ற கிராமத்தில் சிடன்ஹாம் என்ற குடும்பம் வாழ்ந்தது. தகப்பனும் ஆண் பிள்ளைகளும் பாராளுமன்றத்தின் பக்கம். அந்த ஆண்டில் மன்னர் படையினர் அந்தக் குடும்பத்தின் தாயான மேரியைக் கொன்றார்கள். அதே ஆண்டு அவருடைய மகன்களில் ஒருவரான பிரான்சிஸ், தாயின் கொலைக்குப் பொறுப்பான அதிகாரியைச் சண்டையில் எதிர்கொண்டு கொன்றார். சில மாதங்களில், 1645இல், பிரான்சிஸும் வேமவுத் துறைமுகத்தில் நடந்த சண்டையில் இறந்தார். இன்னொரு சகோதரன் ஜோன் 1651இல் ஸ்கொட்லாந்தில் இறந்தார்.

அந்தக் குடும்பத்தில் உயிர் தப்பிய மகன்களில் ஒருவர் தோமஸ் சிடன்ஹாம். பிற்காலத்தில் ஐரோப்பிய வைத்திய உலகம் அவரை ஆங்கிலேய ஹிப்போகிரட்டிஸ் என்று அழைத்தது. கவுட் என்ற வருத்தத்தைப் பற்றிப் பேசும் வைத்திய நூல்கள் பலவற்றில் இன்றும் அவருடைய பெயர் வருகிறது. அந்த வருத்தத்தை அவர் முதலில் கண்டது தன்னுடைய காலில்.

மல்லாவியில் இருந்துகொண்டு, முந்நூற்று முப்பது வருடங்களுக்கு முன் இறந்துபோன ஓர் ஆங்கிலேய வைத்தியரைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கும் கவுட் இருக்கிறது. யூரிக் அசிட் வருத்தம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். முப்பது வயதுக்குப் பிறகு வந்தது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, ஒரு கிழமைக்கு என்னைக் கட்டிலில் போட்டுவிடும். இந்த வருத்தம் உள்ள பலர் எங்கள் ஊரில் இருப்பது பின்னர்தான் தெரிய வந்தது. தெரியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள் நடமாடும் தெருவில், பெருவிரல் நோகிறது என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பக்கத்து வீட்டில் இருக்கும்போது, எங்கள் நோவை நாங்களே சின்னதாக்கி மறைத்துக்கொள்கிறோம்.

சிடன்ஹாமின் வாழ்க்கை என்னைப் பிடித்துக்கொண்டது அந்த இடத்தில்தான். தாயையும் இரண்டு சகோதரர்களையும் போரில் இழந்த ஒருவர், தன் பெருவிரலின் நோவை மணிக்கணக்குப் பார்த்து, வெட்கமில்லாமல் எழுதி அச்சிட்டார்.

இரண்டு தடவை முறிந்த படிப்பு

1624இல் பிறந்த தோமஸ், 1642இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே போர் வெடித்தது. படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வயதில் புத்தகப் பையோடு இடம்பெயர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2008இல் மல்லாவியை விட்டு வெளியேறிய என் வகுப்பு நண்பர்கள் பலர் பிறகு எந்த வகுப்பறைக்கும் திரும்பவில்லை.

சிடன்ஹாம் திரும்பினார். முதற்கட்டப் போர் முடிந்து ஒக்ஸ்போர்ட்டுக்குப் போகும் வழியில் லண்டனில், தன் சகோதரனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த தோமஸ் கொக்ஸ் என்ற வைத்தியரைச் சந்தித்தார். எதைப் படிப்பது என்று தெளிவில்லாமல் இருந்த இளைஞனை வைத்தியத்தின் பக்கம் திருப்பியவர் அவர்தான். 1648இல் சிடன்ஹாமுக்கு வைத்தியப் பட்டம் கிடைத்தது. அப்போது அவர் வைத்தியம் படித்திருந்த காலம் மிகக் குறைவு. வென்ற பக்கத்தில் நின்றவர் என்பது அந்தப் பட்டத்துக்கு உதவியது.

1651இல் மீண்டும் போர். இந்த முறை குதிரைப்படையின் கப்டனாகப் போனார். படைச் சேவையின்போது கடுமையாகக் காயப்பட்டு, இறந்தவர்களுக்கு நடுவில் இறந்தவராகக் கருதப்பட்டு விடப்பட்டார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. போர் முடிந்த பிறகு, படைச் சேவைக்காகத் தன் குடும்பத்துக்கு வர வேண்டியிருந்த பணத்தைக் கேட்டு, 1654இல் ஆட்சித் தலைவர் கிரொம்வெல்லுக்கு மனுக் கொடுத்தார். 600 பவுண் கிடைத்தது. நட்டஈட்டுப் படிவங்களோடு அலைந்தவர்களுக்கு, அவருக்குப் பதில் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டமாகத் தெரியும். 1655இல் மேரி ஜீ என்ற பெண்ணைத் திருமணம் செய்து, லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார்.

1660இல் முடியாட்சி திரும்பியது. சிடன்ஹாம் இப்போது தோற்ற பக்கத்து ஆள். அரச பதவிக்கான வழிகள் அடைபட்டன. வைத்தியம் மட்டுமே மிஞ்சியது. வைத்தியர் கல்லூரி 1663இல் அவருக்குத் தொழில் அனுமதி கொடுத்தது. ஆனால் முழு உறுப்பினராக அவரைக் கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை.

நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில்

அந்தக் காலத்து வைத்தியர்கள் நோயைப் புராதன நூல்களில் தேடினார்கள். சிடன்ஹாம் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தேடினார். எந்தப் பருவத்தில் என்ன காய்ச்சல் வருகிறது, எத்தனையாம் நாள் என்ன மாறுகிறது என்று வருடக்கணக்காகக் குறித்தார். அதைத் தொகுத்து 1666இல் காய்ச்சல்கள் பற்றிய நூலையும், 1676இல் அதன் விரிந்த பதிப்பையும் வெளியிட்டார். தத்துவஞானி ஜோன் லொக் அவருடன் நோயாளிகளைப் பார்க்கப் போய் வந்தார்.

அம்மை வந்தவர்களை யன்னல்களை மூடி, கம்பளிகளால் போர்த்தி, வியர்க்க வைப்பதே அன்றைய வழக்கம். சிடன்ஹாம் யன்னலைத் திறக்கச் சொன்னார். மெல்லிய போர்வையும் குளிர்ந்த பானமும் போதும் என்றார். மலேரியாக் காய்ச்சலுக்குத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனா மரப்பட்டையைச் சரியான அளவிலும் நேரத்திலும் கொடுக்கும் முறையை வகுத்தார். போர்க்காலத்தில் மலேரியாவோடு மல்லுக்கட்டிய வன்னிக்கு அந்தப் பட்டையின் பிள்ளையான குயினைன் பழக்கமான பெயர். அவர் வீரராகவே எப்போதும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது அவரும் குடும்பத்தோடு நகரை விட்டு வெளியேறினார்.

நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணி

சிடன்ஹாமுக்கு கவுட் இருபதுகளிலேயே தொடங்கிவிட்டது. பிறகு சிறுநீரகத்தில் கல்லும் சேர்ந்துகொண்டது. சிறுநீரில் இரத்தம் போகத் தொடங்கியது. ஒன்றை ஆழமாக யோசித்து எழுத உட்கார்ந்தால் நோவு திரும்பி வந்துவிடுவதாக அவர் முறைப்பட்டிருக்கிறார். அப்படி இருந்தும் 1683இல், ஏறத்தாழ 59 வயதில், கவுட் பற்றியும் நீர்வீக்கம் பற்றியும் லத்தீனில் ஒரு நூலை எழுதி முடித்தார்.

அதில் அவர் விவரிப்பதை என் சொற்களில் சொல்கிறேன். நோயாளி சுகமாகத்தான் படுக்கப் போகிறார். நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில் நோவு அவரை எழுப்புகிறது. பெரும்பாலும் கால் பெருவிரல், சில வேளை குதி அல்லது கணுக்கால். எலும்பு மூட்டை விட்டு விலகியது போன்ற நோவு, அதன் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவது போன்ற உணர்வு. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் சேர்கின்றன. நேரம் போகப் போக நோவு ஏறுகிறது. போர்வையின் பாரத்தைக் கால் தாங்காது. அறையில் ஒருவர் நடந்தால் எழும் அதிர்வையும் தாங்காது. காலை எங்கே வைத்தாலும் இடம் போதாது. ஏறத்தாழ ஒரு முழுநாள் கழித்து, மெல்ல வியர்த்து, நித்திரை வருகிறது. எழும்பும்போது நோவு குறைந்து வீக்கம் கூடியிருக்கிறது. சில நாட்களில் மற்றக் காலில் அதே கதை மீண்டும் தொடங்குகிறது.

இந்த வருத்தம் உள்ளவர்கள் இதை வாசித்தால் தங்கள் காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். போர்வை படக்கூடாது என்று காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிப் படுத்த இரவுகள் எனக்கும் உண்டு.

உடலோடு மனமும் நோயாகிறது என்பதையும் அவர் எழுதினார். நோவு வரும்போது பயமும் எரிச்சலும் கோபமும் வருகின்றன, வீட்டில் உள்ளவர்களும் அதில் அகப்படுகிறார்கள் என்று கண்டார். இந்த நோய் ஏழைகளை விடப் பணக்காரரையும், மூடரை விடப் புத்திசாலிகளையுமே அதிகம் பிடிக்கிறது என்று பாதி பகிடியாகத் தனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டார். அந்த ஆறுதல் இன்று பொருந்தாது. எங்கள் பக்கத்தில் வயற்காரரும் மேசன் வேலை செய்பவரும் முச்சக்கரவண்டி ஓட்டுபவரும் இதே நோவோடு இருக்கிறார்கள்.

அவர் கைவிட்டவையும் கைக்கொண்டவையும்

அன்றைய வைத்தியம் கவுட்டுக்கு மூன்று வழிகளை வைத்திருந்தது: இரத்தத்தை வடித்தல், பேதி கொடுத்தல், வலிந்து வியர்க்க வைத்தல். சிடன்ஹாம் மூன்றையும் நிராகரித்தார். அவை நோயாளியைப் பலவீனமாக்கி, நோயை உடலுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளுகின்றன என்பது அவருடைய அனுபவம். பாலை மட்டும் குடித்து இருப்பவர்களுக்குச் சுகம் கிடைப்பதையும், வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பியவுடன் நோவு இன்னும் மோசமாக வருவதையும் குறித்தார். தீவிரமான பத்தியங்களில் அவருக்கு நம்பிக்கை குறைவு. நாள்தோறும் கடைப்பிடிக்கக்கூடிய ஒழுங்கையே அவர் நம்பினார்.

தன் அன்றாடத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். காலையில் தேநீர். பிறகு நண்பகல்வரை குதிரை வண்டியில் பயணம். மத்தியானம் இலகுவில் செமிக்கும் இறைச்சி, அளவாக. அதன் பின் கொஞ்சம் வைன். மாலையில் மீண்டும் வண்டி, நேரம் கிடைத்தால் நகருக்கு வெளியே நல்ல காற்றுக்கு. இரவில் சாப்பாடு இல்லை, மெல்லிய பியர் மட்டும். வேளைக்கே நித்திரை. உடம்பை அசைப்பதே இந்த நோய்க்கு மிகப் பெரிய மருந்து என்றும், இயலுமானவர்கள் குதிரையில் ஏற வேண்டும் என்றும் சொன்னார்.

இதில் பாதி இன்றும் சரி: அளவான சாப்பாடு, அசையும் உடம்பு, நிறைய நீராகாரம். பியர் பிழை. மதுவகைகளில் கவுட்டை அதிகம் தூண்டுவது பியர்தான் என்பது இன்று உறுதியாகத் தெரியும். தன்னைத்தானே இவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதருக்கும், கண்ணால் பார்க்க முடியாத ஒன்று தப்பிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத ஊசிகள்

சிடன்ஹாம் உயிரோடு இருந்தபோதே, 1679இல், ஒல்லாந்தில் லீவன்ஹூக் என்பவர் கவுட் கட்டியிலிருந்து எடுத்த வெள்ளைப் பொருளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். ஊசி போன்ற பளிங்குகள் தெரிந்தன. அவை என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. 1776இல் ஷீலே என்ற இரசாயனவியலாளர் சிறுநீரகக் கல்லிலிருந்து யூரிக் அசிட்டைப் பிரித்தார். 1797இல் வொலஸ்டன் கவுட் கட்டியிலும் அது இருப்பதைக் காட்டினார். 1848இல் அல்பிரட் கரொட் நோயாளிகளின் இரத்தத்தில் அது கூடியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

இரத்தத்தில் யூரிக் அசிட் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்திருக்க முடியாமல் பளிங்காகப் படியத் தொடங்கும். குளிர்ந்த இடமான பெருவிரலில் முதலில் படிவது அதனால்தான். பெரும்பாலான நோயாளிகளில் பிரச்சினை, சிறுநீரகம் அதைப் போதியளவு வெளியேற்றாமைதான். அதில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. கண்டதைத் தின்றதால் வந்த வருத்தம் என்று நோயாளியைக் குற்றஞ்சாட்டுவது அநியாயம்.

அலோபியூரினோல் என்ற குளிசை 1960களில் வந்தது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனுக்கும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸுக்கும் 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. விலை குறைந்த பழைய மருந்து. சிறிய அளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டி, யூரிக் அசிட்டை 6க்குக் கீழே வைத்திருப்பதே நோக்கம். நோவு இல்லாத நாட்களிலும் போட வேண்டும். முதல் சில மாதங்களில் நோவு இடைக்கிடை வரலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் பலர். தோலில் தடிப்பு தோன்றினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும்.

நோவு வரும் நாளில் மருந்துக்கடையில் டைக்ளோபெனாக் வாங்கி விழுங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். நோவை அது குறைக்கும். ஆனால் சிறுநீரக நோய் பரவியிருக்கும் வன்னியில், வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடர்ந்து எடுப்பது ஆபத்தானது.

கார்த்திகைப் பூவின் கிழங்கில்

நோவு வரும் நேரத்துக்கென்றே கொல்கிசின் என்ற இன்னொரு மருந்து உண்டு. 1820இல் பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்டது. ஐரோப்பாவில் அது கொல்கிக்கம் என்ற செடியில் இருக்கிறது. மிகப் பழைய காலத்திலிருந்து கவுட்டுக்குப் பயன்பட்டு, நஞ்சுக்குப் பயந்து கைவிடப்பட்டிருந்த செடி அது. சிடன்ஹாமின் காலத்திலும் அது வழக்கில் இருக்கவில்லை.

அதே கொல்கிசின் எங்கள் வேலிகளிலும் பற்றைகளிலும் படரும் ஒரு கொடியில் இருக்கிறது: கார்த்திகைப் பூ. எங்களுக்கு அந்தப் பூ என்ன பொருள் தரும் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கொல்கிசினுக்காகத் தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். மருந்து இருக்கிறதே என்று யாரும் வீட்டில் கிழங்கைத் தொட வேண்டாம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் அதில் மிகச் சிறிது. உண்ணும் கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. கொல்கிசினை வைத்தியர் எழுதித் தரும் குளிசையாக, அவர் சொல்லும் அளவில் மட்டுமே எடுக்கலாம்.

பருப்பை விட வேண்டியதில்லை

யூரிக் அசிட் என்றவுடன் எங்கள் ஊரில் முதலில் வரும் ஆலோசனை, பருப்பை நிறுத்து, கீரையை நிறுத்து என்பதுதான். முகாமில் பருப்பும் சோறும்தான் எங்களை உயிரோடு வைத்திருந்தன. இன்றும் பல வீடுகளில் மலிவான புரதம் அதுதான். அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. இறைச்சியும் கடலுணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் கூடுதலாக வந்தது. பருப்பு, கீரை போன்ற தாவர உணவுகளால் கூடவில்லை. பாலும் தயிரும் எடுத்தவர்களுக்குக் குறைந்திருந்தது.

ஆகவே குறைக்க வேண்டியவை வேறு: ஆட்டு ஈரல், குடல், இரத்த வறை, மாட்டிறைச்சி, நெத்தலி, சூடை, இறால், கணவாய். பியரும் சாராயமும் நிச்சயமாக. சீனி கரைத்த சோடாவையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை, அதுவும் யூரிக் அசிட்டைக் கூட்டும். வெயிலில் வயலில் நிற்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நோவை வரவழைக்கும். இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் சாப்பாட்டினால் மட்டும் குறைவது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். என் அளவு 9ஐத் தாண்டி இருந்தது. குளிசை இல்லாமல் அது 6க்கு வந்திருக்காது.

கடைசி வருடங்கள்

1680களில் சிடன்ஹாம் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட வைத்தியர். பிள்ளைகளின் கை கால்கள் தாமாகத் துள்ளும் ஒரு நோயை 1686இல் விவரித்தார். அது இன்றும் அவருடைய பெயராலேயே அறியப்படுகிறது. ஆனால் காலும் சிறுநீரகமும் அவரை விடவில்லை. 1689 டிசம்பர் 29ஆம் திகதி லண்டனில், 65 வயதில் இறந்தார். பிக்கடிலியில் உள்ள புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தன்னைச் சுகப்படுத்தவில்லை. அவரிடம் இரத்தப் பரிசோதனையும் இல்லை, குளிசையும் இல்லை. இருந்ததெல்லாம் நோவை நோவாகவே பார்த்து, எந்த நாள், எந்த மூட்டு, எத்தனை மணி, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன் என்று எழுதும் பழக்கம் மட்டுமே. தாயையும் சகோதரர்களையும் இழந்தவர் என்பதால் தன் பெருவிரலைப் பற்றிப் பேச அவர் தயங்கியிருந்தால், பிறகு வந்த வைத்தியர்கள் தொடங்குவதற்கு அந்த விவரணை இருந்திருக்காது.

பெரிய இழப்புகள் இருக்கும் ஊரில் சின்ன நோவுக்கும் ஓர் இடம் உண்டு. அடுத்த தடவை விரல் வீங்கும்போது திகதியைக் குறித்து வையுங்கள். அந்தக் கடதாசியோடு வைத்தியசாலைக்குப் போய், யூரிக் அசிட்டுக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிடன்ஹாமுக்குக் கிடைக்காத அந்தச் சோதனை இன்று எங்களுக்குக் கிடைக்கிறது.